கிளுவை வேலிக்கு உள்ளே

திருப்பூர் காதர்பேட்டையில், ஏற்றுமதியில் கழிந்த துணிகளைக் குவித்து விற்கும் கடை ஒன்றில், ஒரு சனிக்கிழமை மாலை 130 ரூபாய்க்கு ஒரு டீ-ஷர்ட் வாங்கினேன். கறுப்புத் துணி. நெஞ்சில் வெள்ளை மையில் ஒரு காளை. திமில் எழும்பி, கொம்பு பின்னால் வளைந்து, தலை தாழ்ந்து நின்றது. “ஜல்லிக்கட்டு மாடுங்ணா. 2017 தைப் போராட்டத்தப்ப இந்தப் படம் பறந்துச்சு. இன்னும் கேட்டு வர்றாங்க” என்றார் கடைக்காரர்.

கூட வந்த நண்பர் கட்டிங் யூனிட் வைத்திருப்பவர். துணியை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தே அதன் எடை எத்தனை ஜிஎஸ்எம் என்று சொல்லிவிடுவார். துணியைச் சோதித்து முடித்துவிட்டுத்தான் படத்தைப் பார்த்தார்.

“மாப்ள, இது காங்கேயம் காளை. வாடிவாசல்ல நிக்கிறது பெரும்பாலும் புலிக்குளம். படம் போட்ட பையனுக்கு ரெண்டும் ஒண்ணு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க பெரியப்பா கட்டுத்தரையில பொறந்து வளந்தவன்டா நான். நாளைக்கு ஞாயித்துக்கெழம. யூனிட் லீவு. வா, உசுரோட இருக்கறதக் காட்டறேன்.”

அப்படித்தான் சித்திரை மாத ஞாயிறு ஒன்றில், வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று காலை ஐந்தரைக்கே அவருடைய பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

திருப்பூரிலிருந்து காங்கேயம் சுமார் 25 கிலோமீட்டர். நல்லூர் தாண்டும்வரை இரண்டு பக்கமும் நிட்டிங், காம்பாக்டிங், எம்பிராய்டரி என்று போர்டுகள். மற்ற நாளாக இருந்தால் கிராமங்களிலிருந்து ஆள் ஏற்றிவரும் கம்பெனி வண்டிகள் எதிரில் வரிசை கட்டியிருக்கும். படியூர் தாண்டியதும் போர்டுகள் குறைந்து வேலிகள் தொடங்கின. முதலில் அவற்றை நான் கவனிக்கவில்லை. காய்ந்த குச்சிகளை நெருக்கி நட்டுவைத்தது போல ஆளுயர வேலி. அதற்குள் செம்மண்ணில் பழுத்து மஞ்சளாகிப் படிந்த புல். அங்கங்கே குடை விரித்த மாதிரி வெளிறிய பட்டையுள்ள மரங்கள். ஒரு காடு முடிந்ததும் இன்னொன்று.

“காஞ்சு கிடக்குதே” என்றேன்.

“காயல. தூங்குது” என்றார் நண்பர். ‘கொறங்காடு’ என்ற சொல்லை முதன்முதலாக அப்போதுதான் கேட்டேன்.

மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த மானாவாரி நிலத்துக்குக் கொங்குச் சீமையில் அந்தப் பெயர். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரங்களில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் காற்றை மட்டும் அனுப்பிவிட்டு மழையைக் கேரளத்திலேயே இறக்கிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் கைகொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட மண்ணில் உழுது விதைத்து ஏமாறுவதைவிடப் புல்லை விட்டு மாட்டை மேய்ப்பது மேல் என்று எந்தத் தலைமுறையோ கணக்குப் போட்டிருக்கிறது. இதில் பெரும்பகுதி பட்டா நிலம் என்பதை வாசகர் இங்கேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இது ஊர்ப் புறம்போக்கும் இல்லை, வனத்துறைக் காடும் இல்லை. ஒருவர் தன் சொந்த நிலத்தை உழாமல் மாட்டுக்கென்று விட்டுவைத்திருக்கிறார்.

காங்கேயத்தில் தேங்காய் உலர்களங்களின் வாசனை. அரிசி ஆலைகளையும் தாண்டி ஈரோட்டுச் சாலையில் திரும்பினோம். நத்தக்காடையூர் அருகே பழையகோட்டையில் ஞாயிறுதோறும் மாட்டுத்தாவணி கூடுகிறது. காங்கேயம் இன மாடுகளுக்கென்றே நடக்கும் சந்தை அது. பொதுச் சந்தைகளில் அடிமாட்டு வண்டிகளுக்கு நடுவே நல்ல சினை மாட்டையும் நிறுத்தி விற்க வேண்டிய கதி இருந்தது. வளர்ப்பவனிடமிருந்து வளர்ப்பவனுக்கு மாடு போக ஓர் இடம் வேண்டும் என்பதுதான் இங்கே அடிப்படை.

நாங்கள் போனபோது பேரம் சூடுபிடித்திருந்தது. மாட்டின் நிறங்களை நண்பர் சொல்லிக்கொண்டே வந்தார்: மயிலை, காரி, செவலை, பில்லை. கன்று பிறக்கும்போது செந்நிறமாகத்தான் இருக்கும்; ஆறு மாதம் ஆவதற்குள் சாம்பல் ஏறிவிடும். காளைக்குத் திமிலும் முன்னந்தொடையும் பின்னந்தொடையும் கறுத்துக்கொண்டே போகும். காயடித்து எருதாக்கிவிட்டால் அந்தக் கறுப்பு வடிந்து வெளுத்துவிடும். ஒரு மரத்தடியில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன: செங்கல் நிறத்தில் ஒரு கன்று, மழைமேக நிறத்தில் அதன் தாய், கரி பூசிய கழுத்தோடு ஒரு காளை. மூன்றும் ஒரே இனம் என்று சொன்னால் என் ஊரில் நம்பமாட்டார்கள்.

வாங்க வந்தவர்கள் முதலில் பார்ப்பது சுழி. நெற்றியில், முதுகில், திமிலுக்குப் பின்னால் மயிர் சுழன்றிருக்கும் இடங்கள். எந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகும், எது ஆகாது என்று ஒரு சாஸ்திரமே உண்டு. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் சுழி பார்க்கிற சாக்கில் ஒரு மனிதர் அந்தப் பசுவின் தோலில் ஒவ்வோர் அங்குலத்தையும் தடவிப் பார்த்துவிட்டார் என்பதைக் கவனித்தேன். உண்ணி இருக்கிறதா, தழும்பு இருக்கிறதா, தொட்டால் உதைக்கிறதா எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தார். “நாலு பல்லு” என்றார். அதன்பிறகு இருவர் கைகளும் ஒரு துண்டுக்கடியில் போயின. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துண்டு மட்டும் அசைந்தது. விரலைப் பிடித்துச் சொல்லும் விலை பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. தரகர் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பேரிடமும் மாறிமாறி “உடுங்க, உடுங்க, முடிச்சுக்குங்க” என்றார்.

முடிந்தது. விற்றவர் பசுவின் கழுத்திலிருந்த தும்பை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். கயிற்றோடு மாட்டைக் கொடுத்தால் பட்டியின் யோகமும் கூடப் போய்விடும் என்பது நம்பிக்கை. வாங்கியவர் சந்தையிலேயே புதுக்கயிறு வாங்கினார். கயிற்றுக் கடையில் நான் போய்ப் பார்த்தேன். கற்றாழை நார், நைலான் இவற்றுக்கு நடுவே மெத்தென்று பல நிறங்களில் சில கயிறுகள். பனியன் வேஸ்ட்டை முறுக்கித் திரித்தவை. இங்கிலாந்துக்கோ ஜெர்மனிக்கோ போன துணியின் வெட்டுமிச்சம் ஒரு மயிலைப் பசுவின் கழுத்தில் ஏறி ஊர் போனது.

பனியனுக்கும் மாட்டுக்கும் உறவு அந்தக் கயிற்றோடு நிற்பதில்லை. திருப்பூர் பனியன் ஊராவதற்கு முன்பு பஞ்சு ஊர். சுற்றுவட்டாரத்துப் பருத்தி, காங்கேயம் எருதுகள் பூட்டிய வண்டிகளில் வந்து அரவை மில்களில் இறங்கும். பஞ்சு ஆலைக்குப் போகும். கொட்டை திரும்ப மாட்டுக்கு வரும். பருத்திக்கொட்டை ஆட்டிய பாலைக் குடித்த எருது மறுபடி பருத்தி ஏற்றும். வட்டம் அவ்வளவு சின்னது. 1932இல் பைக்காரா மின்சாரம் கோவைச் சீமைக்கு இறங்கியபோது ஆலைகள் பெருகின. அதே மின்சாரம் கிணற்று மேட்டுக்கும் வந்தது. கவலை ஏற்றித் தண்ணீர் இறைத்த எருதுகளுக்கு வேலை போனது. பிறகு லாரி, பிறகு டிராக்டர். 1970களில் வெண்மைப் புரட்சி வந்து, மாடு என்றால் பால் மட்டும்தான் என்று ஆனபோது, நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் காங்கேயம் பசு ஜெர்ஸி கலப்புக்கு முன்னால் தலைகுனிந்து நின்றது. உழைப்புக்கென்று நூற்றாண்டுகளாகத் தேர்ந்து வளர்த்த உடம்பிடம் பாலை மட்டும் கேட்டால் அது என்ன செய்யும்?

தேர்ந்து வளர்த்தது என்று சும்மா சொல்லவில்லை. இந்த இனத்தைப் பற்றி எழுதிய எல்லோரும் பழையகோட்டைப் பட்டக்காரரிடம் வந்துதான் நிற்கிறார்கள். நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பெரும் மந்தை வைத்து, காளைகளைப் பொறுக்கி, சுற்றியுள்ள குடியானவர்களுக்கும் நல்ல காளையின் கன்று கிடைக்கச் செய்தவர். லிட்டில்வுட் 1936இல் எழுதிய தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூலில் காங்கேயத்துக்குத் தனி இடம் உண்டு. இன்று குட்டப்பாளையத்தில் இயங்கும் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையத்தையும் அதை நடத்தும் கார்த்திகேய சிவசேனாபதியையும் 2017க்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கத் தெரியும். ஆனால் பட்டக்காரர் மந்தை எவ்வளவு பெரியதாக இருந்திருந்தாலும், அதில் பிறந்த காளை போய்ச் சேர்ந்தது ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் கொறங்காட்டுக்காரனின் பசுவிடம்தானே. அவனைப் பற்றி எழுதிய புத்தகம் குறைவு. அவனைப் பார்க்கத்தான் நண்பரின் பெரியப்பா வீட்டுக்குப் போனோம்.

“வாங், வாங். ஒறம்பரை வந்திருக்கறாங்க, மோர் கொண்டா” என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுத்தான் நான் யார் என்று கேட்டார். எழுபதைத் தாண்டிய உடம்பு. முழங்காலுக்குக் கீழே முள் கிழித்த பழைய கோடுகள். பெரியம்மா மோரோடு வந்து, “வெயில்ல எதுக்குங் கண்ணு காட்டப் பாக்கோணும், மழ பேஞ்சு வந்தா பாக்க அளகா இருக்கும்ல” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் காய்ந்த நேரத்தில் போனதால்தான் எனக்குச் சில விஷயங்கள் தெரிந்தன.

கொறங்காட்டு வாசலில் மூங்கிலும் முள்ளும் வைத்துக் கட்டிய படல். அதை அவிழ்த்து உள்ளே விட்டார். ஆறு ஏக்கர். நடுவில் குறுக்கே ஒரு வேலி ஓடி அதை இரண்டாகப் பிரித்திருந்தது. ஒரு பாதியில் மேய்ச்சல் நடக்கும்போது மறுபாதி ஆறும். மூன்று பசு, ஒரு கிடாரி, இருபத்தைந்து செம்மறி. மேய்ப்பவர் என்று யாரும் இல்லை.

“ராத்திரி?”

“ராத்திரியும் இங்கதானுங். தொட்டியில தண்ணி ஊத்தி வெச்சிட்டா அதுக பாட்டுக்கு மேயும், படுக்கும். கறக்கறதுக்கு மட்டும் கன்னுக்குட்டியப் பாத்துட்டு ஊட்டுக்கு வரும். மேய்க்கறதுக்கு ஆள் எதுக்குங்? வேலிதான் ஆளு.”

அந்த வேலியின் அருகே போனேன். முள் கிளுவை. சித்திரையில் ஓர் இலை கிடையாது. பட்டுப்போன குச்சிகள் என்றே சத்தியம் செய்யலாம். பெரியவர் ஒரு கிளையை நகத்தால் கீறினார். மேல்தோல் மெல்லிய காகிதமாக உரிந்தது. அடியில் பச்சை. லேசாகப் பிசின் கசிந்து, எலுமிச்சையும் சாம்பிராணியும் கலந்தது போல ஒரு வாசனை வந்தது. “ஒரு மழை போதும், பத்து நாள்ல மூடிக்கும்” என்றார். கிளையை வெட்டி நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். நெருக்கி நட்டு, ஆண்டுதோறும் மேலே வெட்டிவிட்டால் அடியில் கிளைத்து, கோழிக்குஞ்சு நுழைய முடியாத சுவராகும். வெட்டிய தழையை வெள்ளாடு தின்னும். வேலிக்குள்ளேயே பிரண்டையும் கோவையும் படர்ந்து கிடக்கும். ஓணான், கீரி, காடை எல்லாவற்றுக்கும் அது ஊர். ஒரு கம்பி வேலி இதில் எதையும் செய்யாது.

புல்லைக் காட்டினார். கொழுக்கட்டைப் புல். தூர் தூராக நின்றபடியே வைக்கோலாகக் காய்ந்திருந்தது. அடிக்கட்டையைத் தொட்டால் உறுதியாக இருந்தது. மழை வந்தால் அங்கிருந்துதான் துளிர்க்கும். மழைக்காலத்தில் ஒட்டம்புல், நரிப்பயறு, செப்புநெருஞ்சி எல்லாம் கூடவே எழும். முதலில் மாடு மேயும், அது விட்டதை ஆடு மேயும். நரிப்பயறு பயறினம் என்பதால் மண்ணுக்கும் ஏதோ கொடுத்துவிட்டுத்தான் போகும். சாணமும் புழுக்கையும் அங்கேயே விழுகின்றன. உரம் என்று ஒரு மூட்டை இந்தக் காட்டுக்கு வந்ததே இல்லை என்றார்.

வெளிறிய பட்டையுள்ள அந்த மரம் வெள்வேல். பட்டைச் சாராயம் என்கிறோமே, அந்தப் பட்டை இந்த மரத்தினுடையதுதான். கொங்கு நாட்டுக் கோடையின் மானத்தைக் காப்பதும் இதுதான். புல் தீர்ந்துபோகும் மாதங்களில் சுருண்ட பழுப்பு நெற்றுகளை உதிர்க்கிறது. நாங்கள் நிற்கும்போதே காற்றில் சலசலவென்று நாலைந்து விழுந்தன. தூரத்தில் படுத்திருந்த செம்மறிகள் எழுந்து ஓடிவந்தன. பெரியவர் தரையிலிருந்து ஒரு காய்ந்த புழுக்கையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். உள்ளே பளபளப்பாக, சின்னதாக, சேதமில்லாமல் ஒரு விதை.

“விதை நேர்த்தி பண்ணி வெச்சிருக்குது பாருங்க. மரத்துல இருந்து பொறுக்கிப் போட்டா லேசுல மொளைக்காது. ஆட்டு வவுத்துக்குள்ள போயி வந்தா மொளைக்கும். எங்க பாட்டன் ஒரு மரமும் நடல. ஆடுதான் நட்டுது.”

நான் அந்த விதையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் அகலமாக விரியக்கூடிய பேச்சு இது. ஸ்பெயினின் தென்மேற்கில் தெஹேசா என்று ஓக் மரங்கள் நிற்கும் மேய்ச்சல் காடுகள் உண்டு. ஓக் கொட்டையைப் பன்றி தின்னும், அதே நிழலில் சண்டைக்காளைகள் வளரும். ஐரோப்பாவில் அதை ஓர் அரிய நிலவகை என்று போற்றுகிறார்கள். அந்தப் பன்றித் தொடைக்கு உலகச் சந்தையில் பெயர் இருக்கிறது. மரம், புல், விலங்கு மூன்றையும் ஒரே நிலத்தில் பூட்டிய அதே அறிவு இங்கே வெள்வேலோடும் கிளுவையோடும் இருக்கிறது. பக்கத்து மாவட்டத்துக்காரனான எனக்கே அதன் பெயர் தெரியவில்லை.

“இதுல வருமானம்?” என்றேன், நகரத்துக்காரன் கேட்கிற கேள்வியை.

“மாட்டுல ஒண்ணும் பெருசா இல்லீங். ஆடுதான் சோறு போடுது.”

நான் எதிர்பாராத பதில். மாட்டைப் பற்றிப் பேசுகிற மேடைகளில் யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. மேச்சேரி வகைச் செம்மறிகள் அவை. கம்பளி கிடையாது; பழுப்பு நிறத்தில் குட்டை மயிர். இறைச்சிக்கும், அதைவிடத் தோலுக்கும் பேர்போனவை. மூலனூர் பக்கம் கன்னிவாடிச் சந்தையில் ஆண்டுக்கு இரண்டு முறை குட்டிகளை விற்கிறார். அந்தப் பணத்தில்தான் தவிடு, புண்ணாக்கு, சோளத்தட்டு, மருத்துவச் செலவு, பேத்தியின் கல்லூரிக் கட்டணம் எல்லாம். மயிலைப் பசுவை வைத்திருப்பது ஆட்டின் தயவில். ஆடு போனால் மாடு போகும்.

ஆடு போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் அடுத்து அவர் சொன்னது. கடந்த சில ஆண்டுகளாகக் காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்தில் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து செம்மறிகளைக் கடித்துக் குதறுகின்றன. இறந்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் மறியல் செய்த செய்திகளை நானும் படித்திருக்கிறேன். அரசு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு அது போனது. ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது வேலியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பெரியவர் சொன்னார்:

“கிளுவை அடர்த்தியா இருந்த காலத்துல நாய் பூராது. இப்ப வேலி அடி வெளுத்துப் போச்சு. வருசா வருசம் வெட்டி, பொக்கை உழுந்த எடத்துல போத்து நடோணும். முன்ன இதுக்குன்னே ஆளுங்க இருந்தாங்க. முள்ளுல நின்னு வேல செய்யற கூலிக்கு இப்ப யாரு வருவா? ஃபேன் காத்துல உக்காந்து செக்கிங் பண்ணினா வாரச் சம்பளம் வருது. வரமாட்டேங்கறாங்கன்னு குத்தம் சொல்ல முடியுமுங்களா? என்ற மகனே பனியன் கம்பெனியிலதான் இருக்கறான்.”

நண்பர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய யூனிட்டில் இந்த ஊர்ப் பெண்கள் நான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

அப்போதுதான் அந்தச் சங்கிலி எனக்குப் பிடிபட்டது. கை குறைந்தால் வேலி வெளுக்கிறது; வேலி வெளுத்தால் நாய் நுழைகிறது; ஆடு சாகிறது; ஆட்டுப் பணம் நின்றால் மாட்டுக்குத் தீனி வாங்க வழியில்லை; மாட்டை விற்றபின் கொறங்காடு வெறும் நிலம். வெறும் நிலத்துக்கு விலை சொல்ல ஆள் தயாராக இருக்கிறார். கொறங்காடுகளுக்கு நடுவே காற்றாலைகள் சுற்றுகின்றன. அவற்றில் பல, திருப்பூர், கோவை நூற்பாலைகளும் ஜவுளி நிறுவனங்களும் தங்கள் மின்சாரத்துக்காக நிறுத்தியவை. காற்றாலையாவது காலடியில் புல்லை விட்டுவைக்கும். இப்போது சூரியத் தகடுகள் வருகின்றன; அவற்றுக்கு வெள்வேலின் நிழல் ஆகாது. சாலையோரத்தில் என்றால் சைட் போட்டுக் கல் நட்டுவிடுகிறார்கள். ஜல்லிக்கட்டுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2023 மே மாதத்தில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை அனுமதிக்கும் தமிழ்நாட்டின் சட்டத்தை ஏற்றது. காளைக்கு வழக்கு இருந்தது, வக்கீல் இருந்தார், மெரினா இருந்தது. கிளுவைக்குப் போத்து நட ஓர் ஆள் இல்லை.

காளை என்றதும் நினைவு வந்து, “உங்களிடம் காளை இல்லையா?” என்று கேட்டேன். இருக்கிற புல்லுக்கு ஒரு பொலிகாளையையும் கட்டித் தீனி போட முடியாது என்றார். பசு பருவத்துக்கு வந்தால் பக்கத்து ஊருக்கு ஓட்டிப்போகிறார். முன்பு மூன்று ஊருக்கு ஒரு காளை நிற்கும். இப்போது விசாரித்துத்தான் போக வேண்டும். ஊசி போடலாம், நல்ல காங்கேயம் விந்து கேட்ட அன்றைக்குக் கிடைக்க வேண்டுமே. 2019இல் தமிழ்நாட்டில் இனப்பெருக்கச் சட்டம் வந்தபோது, காளையைப் பதிவு செய்ய வேண்டும், சான்று வாங்க வேண்டும் என்று பேச்சு கிளம்பி இந்தப் பகுதியில் எதிர்ப்பு எழுந்தது. நோய் பரவாமல் இருக்கப் பதிவு நல்லதுதானே என்று நான் சொல்லிப் பார்த்தேன். “நல்லதுதானுங். ஆனா ஒத்தக் காளைய வெச்சிட்டு நூறு பேருக்கு ஒதவறவன் ஆபீசுக்கு நடந்தா, அடுத்த வருசம் அவன் காளை வெச்சிருக்க மாட்டான்” என்றார். என்னிடம் பதில் இல்லை.

வளர்ப்பவர்களுக்கென்று உரிமை உண்டு என்ற பேச்சு உலகத்தில் புதிதில்லை. 2003இல் கென்யாவின் கேரனில் கூடிய கால்நடை வளர்ப்போர் அதைக் கோரிக்கையாகவே எழுதினார்கள். 2007இல் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் 109 நாடுகள் சேர்ந்து விலங்கு மரபினங்களுக்கான செயல்திட்டத்தை ஏற்றன. 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகங்களுக்கும் உரிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கிறது. மதுரையிலிருந்து இயங்கும் சேவா அமைப்பு கொறங்காட்டையும் பர்கூர் மலை மாட்டையும் வளர்ப்பவர்களோடு நின்று நெடுங்காலமாகப் பதிவு செய்துவருகிறது. இதையெல்லாம் நான் பெரியவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருப்பார்.

பர்கூரைப் பற்றி மட்டும் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருந்தது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் அந்தச் செவலை மாடுகளைப் பார்த்திருக்கிறார். வெள்ளைத் தெளிப்புப் போட்ட அந்த மாடுகள் காட்டுக்குள் பட்டி போட்டு வளர்பவை. காடுகளில் மேய்ச்சலுக்கு எதிராக 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது. 2024இல் அந்தப் பகுதி தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பட்டி போடும் உரிமை என்ன ஆகும் என்று மலைக்காரர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“அவியளுக்கு எடம் சர்க்காருது. ஒரு காயிதத்துல போயிரும். நம்முளுது பட்டா. நாமளா வித்தாத்தான் போவும்” என்றார் பெரியவர். சற்று நேரம் கழித்து, “ரெண்டும் ஒண்ணுதானுங்” என்றார்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பெரியம்மா சோறு போட்டுத்தான் அனுப்புவேன் என்று பிடித்துக்கொண்டார். அரிசியும் பருப்புஞ்சோறு, மேலே நெய். அந்த நெய்யின் நிறத்தையும் மணலான பதத்தையும் பார்த்ததும் நகரத்தில் இதை என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று என் மனம் கணக்குப் போட்டது, வெட்கமாக இருந்தது. சாப்பிடும்போது பேச்சு நொய்யலுக்குப் போயிற்று. பெரியம்மாவின் பிறந்த ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். பாசனத்துக்கென்று கட்டிய அணை. சாயக்கழிவு வந்து தேங்க, தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே நீதிமன்றம் போக நேர்ந்த அணை. அந்த ஆண்டுகளில் அவருடைய அண்ணன் வீட்டு மாடுகள் கிணற்றுத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளுமாம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவு வெளியே விடாத முறைக்குத் தொழில் மாறியது. ஆற்றை நம்பிய தோட்டங்கள் அடிபட்ட காலத்திலும், மழையை மட்டும் நம்பிய கொறங்காடு தப்பித்தது. மேட்டு நிலமாகப் பிறந்த அதிர்ஷ்டம்.

சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரையொட்டி மாட்டுச்சந்தை கூடும்; அதற்கும் வந்துவிடுங்கள் என்றார் பெரியவர். கிடாரியை விற்கக் கொண்டுபோகிறீர்களா என்று கேட்டேன். பேசாமல் இருந்தார். பெரியம்மாதான், “அவுரு வருசா வருசம் ஓட்டிட்டுப் போவாரு. எவனும் சரியில்லைன்னு திருப்பி ஓட்டிட்டு வந்துருவாரு” என்றார்.

கிளம்பும்போது இன்னொரு முறை காட்டுக்குள் போய் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். போங்கள் என்றார். நண்பர் பைக்கை நிழலில் நிறுத்தினார். கிடாரி வெள்வேலின் கீழே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. செந்நிறம் முழுதும் போய், காதோரத்தில் மட்டும் லேசாக மிச்சம் இருந்தது. பக்கத்தில் போனதும் எழுந்துவிட்டது. படம் மங்கலாகத்தான் விழுந்தது.

திரும்பி வந்து படலை இழுத்துக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வீட்டு வாசலிலிருந்தே பார்த்திருக்கிறார். வெயிலில் வேகவேகமாக நடந்து வந்தார்.

“அப்படி இல்லீங். கீழ ஒரு சுத்து போடோணும். நாய் தலைய உட்டுத் தூக்கிரும்” என்று நான் கட்டியதை அவிழ்த்துவிட்டு, குனிந்து, அடியிலிருந்து தொடங்கினார்.